கூரான பொருள்களுக்கு அனுமதி இல்லை

சென்னியம்மாளின் வீட்டுக் குழம்பில் இரண்டு வருடமாகக் கத்தரிக்காய் முழுசாகவே மிதந்தது. சில நாள் இரண்டாகப் பிளந்து மிதக்கும். மாமியார் பூவாத்தாளுக்குக் கண் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்து, கையால் பிட்டுப் புழு பார்த்த நாள் அது. வெங்காயத்தை உள்ளங்கையால் அடித்து நசுக்கிப் போடுவாள். பூசணிக்காயைத் திண்ணமான கல் பார்த்துப் போட்டு உடைப்பாள். அரிவாள்மனை பரணில், குதிருக்குப் பின்னால், கோணிச் சாக்கில் சுற்றிக் கிடந்தது.

அதைப் பரணேற்றியதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு சென்னியம்மாளுக்கு மனசு பிசகிவிட்டது. தூக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. ஒரு விடியற்காலையில் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய், அங்கே நின்ற மாடுகளின் கயிற்றையெல்லாம் அறுத்துவிட்டாள். "எத்தன நாளைக்குத்தான் கட்டியே போட்டிருப்பீங்க?" என்று மாடுகள் சார்பில் கேட்டாளாம். மாடுகள் கிடைத்த சுதந்திரத்தை வீணாக்கவில்லை. நேராகப் பக்கத்துக் காட்டுச் சோளத்தில் இறங்கிவிட்டன.

மனிதர் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்கே பூவாத்தாள் வீட்டில் முனை உள்ள சாமான்களையெல்லாம் ஒழித்துக் கட்டினாள். அரிவாள், தேங்காய்த் துருவி, மகன் சின்னண்ணனின் சவர பிளேடு, கடைசியில் தைக்கிற ஊசி வரை பரணேறின. மாடுகளுக்கு அறுக்க முடியாத இரும்புச் சங்கிலி வந்தது.

அப்புறம் கோயில்கள், மந்திரித்த கயிறு, வேப்பிலை என்று வழக்கமான சுற்று. லாரி டிரைவரான சின்னண்ணன் பம்பாய் போகிற வழியில் யாரோ சொல்லக் கேட்டு, ராசிபுரத்துக்கு வெளியே புதிதாக வந்திருந்த சமூக மனநல மையத்துக்கு அவளைக் கூட்டிப்போனான். அங்கே கொடுத்த மாத்திரையில் முதலில் தூக்கம் வந்தது. தூக்கத்தின் பின்னாலேயே பசி வந்தது, பசியின் பின்னால் சிரிப்பு வந்தது. எல்லாம் வந்தது, அரிவாள்மனை மட்டும் பரணிலிருந்து வரவில்லை.

ஒருநாள் கேட்டும் பார்த்தாள். "ஏனுங்கத்தை, நான் அரியட்டுங்களா?"

"நீ உக்காரு புள்ள. ஒடம்பப் பாரு. நான் நசுக்கிப் போட்டுக்கறேன்."

திட்டியிருந்தாலாவது எதிர்த்து நாலு வார்த்தை சொல்லலாம். இப்படித் தன்மையாகச் சொன்னால் என்ன செய்வது? கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் காய் அரிந்தவள் அவள்தான். பொரியலுக்கு வெண்டைக்காயைக் காசு காசாக அரிபவள் என்று உறவுக்குள் பெயர் வாங்கியவள். இப்போது தன் பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கூட முழங்காலில் வைத்துத்தான் உடைக்க வேண்டியிருந்தது. அந்த அரிவாள்மனையை மாமியார் தன் கையால் எடுத்துத் தராதவரைக்கும் தனக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சென்னியம்மாள் நினைத்தாள்.

மனநல மையத்தில் நிலைமை இதற்கும் ஒரு படி மேல். அங்கே அதற்குப் பலகையே மாட்டியிருந்தது. 'கூரான பொருள்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் 'மருதாசலம், தலைவர், மையப் புரவலர் குழு' என்று இரண்டு வரி.

மருதாசலம் சேகோ ஆலை முதலாளி. குச்சிக்கிழங்கை மாவாக்கி ஜவ்வரிசியாக்குவது அவர் தொழில். எதற்காவது தலைவராக இருப்பது அவர் பிறவிக் குணம். ஊரில் இருந்த பதினெட்டுக் குழுவிலும் இடம் நிரம்பிப் போனதால் மனநலத்துக்கு வந்திருந்தார். மனநலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கத்தி ஆபத்து. தெரிந்த அந்த ஒன்றை அவர் உறுதியாகக் கடைப்பிடித்தார்.

எந்த ஊருக்குப் போனாலும் ஒரு யோசனையோடு திரும்புவார். பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தத்தோடு திரும்புகிறவர்கள் எவ்வளவோ மேல். டெல்லிக்குப் போனவர் அந்தத் தடவை, தெருவில் போகிறவர்கள் பார்க்க வைக்கிற 'பொதுக்கலை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்.

"சேலத்துல இருந்து நாமக்கல் போற பஸ்ஸெல்லாம் நம்ம மையத்து வழியாத்தான் போகுது. உள்ள உக்காந்திருக்கற பாமர ஜனம் ஜன்னல் வழியாப் பாக்கணும். பாத்த மாத்திரத்துல மனநலத்தப் பத்தி ஒரு விழிப்புணர்ச்சி வரணும். அத நம்ம நோயாளிகளே செய்யணும்!" என்று வியாழக்கிழமை மாத்திரை வாங்க வந்தவர்களை உட்கார வைத்து முழங்கினார். மாத்திரைக்கு வந்தவர்கள் எழுந்து போக முடியாது என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

முதலில் கற்சிலை என்று முடிவாயிற்று. சொல்லிக்கொடுக்க வந்த சிற்பியின் பையில் உளி இருந்ததால், பலகையைக் காட்டிக் காவலாளி அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். அடுத்தது சுவரோவியம். தூரிகையின் முனை கூரான பொருளா இல்லையா என்று குழு கூடி விவாதித்தது. டீ வந்தது, போண்டா வந்தது, முடிவு வரவில்லை.

கடைசியில் வாயைத் திறந்தவன் நாச்சிமுத்து. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றி, அந்த இரைச்சல் நின்ற பிறகும் தலைக்குள் நிற்காமல் போய், இந்த மையத்துக்கு வந்தவன். அதிகம் பேச மாட்டான்.

"ஏனுங்க, பேசாம சோளக்காட்டுப் பொம்மை செஞ்சு நட்டுருங்க. அதுக்கு உளியும் வேண்டீதில்ல, மூளையும் வேண்டீதில்ல" என்றான்.

நர்ஸ் அங்கம்மாள் சிரித்துவிட்டாள். மருதாசலம் சிரிக்கவில்லை. கண்ணை மூடி இரண்டு நிமிடம் யோசித்து, "நாட்டுப்புறக் கலை! அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

மையத்தை ஒட்டிச் சாலையோரமாகவே சோளக்காடு இருந்தது. மார்கழி பிறந்து கதிர் பால் பிடிக்கிற நேரம். குருவிகளும் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. ஆக, கலைக்கு ஓர் உபயோகமும் தற்செயலாக அமைந்துவிட்டது. வண்டியில் போன வருடத்துக் காய்ந்த சோளத்தண்டுகளைக் கட்டிய தட்டுக்கட்டுகளும் வைக்கோலும் வந்து இறங்கின. வியாழக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லா நாளும் வர ஆரம்பித்தார்கள். சென்னியம்மாளும் இளைய பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறி வந்துவிடுவாள்.

தட்டை எலும்பாக வைத்து வைக்கோலைச் சதையாகச் சுற்றிப் பிரிக்கயிற்றால் கட்ட வேண்டும். அறுப்பதற்கு ஒன்றும் கிடையாது. நாச்சிமுத்து தட்டை முழங்காலில் வைத்து ஒடித்தான். மற்றவர்கள் கயிற்றைப் பல்லால் கடித்தார்கள். ஆராயிக் கிழவிக்குப் பல் போதாததால், அவள் செய்த பொம்மைக்குக் கயிறு நீளமாகத் தொங்கி, அதைப் பார்த்தவர்கள் பட்டம் என்று நினைத்தார்கள்.

அப்படி ஒருநாள் சென்னியம்மாள் ஒரு தட்டுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்து கருக்கரிவாள் ஒன்று விழுந்தது. தட்டு அறுத்தவர்கள் மறந்து வைத்துக் கட்டிவிட்டிருக்க வேண்டும். பிடி தேய்ந்து வழவழவென்றிருந்தது. பல் பல்லான கருக்கு மட்டும் துருப்பிடிக்கவில்லை.

அவள் அதை முந்தானையால் மூடினாள். சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் கவனிக்கவில்லை. நர்ஸிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்தவள், கை நிறைய வைக்கோலைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்தாள். சரக்கென்று அறுந்தது. அறுந்த முனைகள் எல்லாம் ஒரே மட்டமாக நின்றன. இன்னொரு பிடி அறுத்தாள். வெகுநாள் கழித்துத் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது போல அவள் கைக்கு இருந்தது. அன்று மாலை அரிவாளைத் தன் பொம்மையின் வயிற்றுக்குள் செருகி வைக்கோலால் மூடிவிட்டு வந்தாள். மறுநாள் எடுத்தாள், மறுபடி வைத்தாள். அதுவே வழக்கமாயிற்று.

மற்றப் பொம்மைகளெல்லாம் தலை கலைந்து, படுக்கையிலிருந்து எழுந்து வந்த மாதிரி நின்றன. சென்னியம்மாளுடைய பொம்மைக்கு மட்டும் நெற்றியில் முடி நேராக வெட்டி விட்டிருந்தது. மருதாசலம் குனிந்து பார்த்தார்.

"இதென்ன இவ்வளவு நேரா இருக்குது?"

"பல்லுங்க" என்றாள் சென்னியம்மாள்.

"பேஷ், பேஷ்!" என்று தலைவர் நகர்ந்தார். பின்னால் வந்த அங்கம்மாள் முடியைப் பார்த்தாள், சென்னியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். "உனக்குப் பல்லு ரொம்பக் கூருதான் அம்மிணி. பாத்து வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொம்மைகளுக்கு உடுப்பு வேண்டியிருந்தது. தலைவரின் மனைவி கண்ணாத்தாள் ஒரு பெட்டி நிறையத் துணி அனுப்பினாள். திறந்தால் அத்தனையும் பொன்னாடை. ஊர் ஊராக, மேடை மேடையாக மருதாசலத்துக்குப் போர்த்தியவை. "தொடைக்கலாம்னா ஈரத்த இழுக்க மாட்டேங்குது. போத்தலாம்னா குளுருக்கு ஆக மாட்டேங்குது. காட்டுப் பொம்மைக்காவது ஆகட்டும்" என்று பெட்டியைக் கொண்டுவந்தவனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆகத்தான் செய்தது. சரிகை மினுங்கப் பொன்னாடை போர்த்திக்கொண்டு சோளக்காட்டு ஓரமாகப் பொம்மைகள் வரிசையாக நின்றபோது குருவிகள் பயந்து விலகின. சேலம் பஸ் ஒன்று வேகம் குறைத்தது. படியில் தொங்கிய கண்டக்டர், "என்னங்க, மாநாடா? தலைவருங்க எல்லாம் சீக்கிரமே வந்துட்டாங்களாட்ட இருக்குது!" என்று கத்திக்கொண்டு போனான்.

திறப்பு விழா ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தார்கள். சேலத்திலிருந்து வரவேண்டிய பெரிய அதிகாரிக்கு அன்றுதான் ஒழிவு. ஒவ்வொரு நோயாளியும் ஒரு பாதுகாவலரோடு வர வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டிருந்தார். அதிகாரி இருக்கும்போது நோயாளி ஏதாவது செய்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? சென்னியம்மாளுக்குப் பாதுகாவலராகப் பூவாத்தாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

வாசலில் தொண்டர்கள் சோதனை போட்டார்கள். தறிக்காரர்களின் கத்தரிக்கோல், யாரோ ஒருவரின் குடை, நாச்சிமுத்துவின் சீப்பு எல்லாவற்றையும் வாங்கி ஓர் இரும்பு அலமாரிக்குள் போட்டார்கள். பூவாத்தாளின் சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார்கள்.

"ஏனப்பா, என்ர பாக்குவெட்டிய எதுக்குப் புடுங்கறே?"

"கூரான பொருளுங்கம்மா. உள்ள ஆகாது."

"எனக்கென்ன கேடு? நான் நல்லாத்தான இருக்கறேன்!"

"இங்க வாரவங்க எல்லாருமே அப்படித்தானுங்கம்மா சொல்றாங்க" என்றான் தொண்டன், மரியாதையாக.

பூவாத்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவளை ஒரு மாதிரி பார்ப்பது போலிருந்தது. "நான் ஒறம்பரையா வந்தவ! இவளுக்குத் தொணையா வந்தவ!" என்று அவள் குரலை உயர்த்த, தொண்டன் இன்னும் கொஞ்சம் மரியாதையாக, "சரீங்கம்மா, சரீங்கம்மா, கோவப்படாதீங்க, அப்படிப் போய் நெழல்ல உக்காருங்க" என்றான். கோபப்பட்டால் நோய் என்றும், படாவிட்டால் நோய் முற்றிவிட்டது என்றும் ஆகிற இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று பூவாத்தாளுக்குப் புரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து முழுக் கொட்டைப் பாக்கைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டாள். கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை.

"நசுக்கிப் பாருங்கத்தை" என்றாள் சென்னியம்மாள். குரலில் கள்ளம் ஒன்றும் இல்லாத மாதிரிதான் சொன்னாள். பூவாத்தாள் திரும்பி மருமகளை ஒரு நிமிடம் பார்த்தாள்.

அதிகாரி வந்தார். மேளம் கொட்டிற்று. பொம்மைகளின் முன்னால், இரண்டு கம்பத்துக்கு நடுவே திறப்பு நாடா கட்டியிருந்தது. கடையில் விற்கிற காகித நாடா தலைவர் தகுதிக்குப் போதாது என்று, ராசிபுரத்துத் தறியில் தனியாகப் போட்டு நெய்த அசல் பட்டு நாடா. இரண்டு பக்கமும் சரிகைக் கரை வேறு.

"ஐயா அவர்கள் நாடாவை வெட்டி..." என்று மருதாசலம் ஒலிபெருக்கியில் சொன்னார். அதிகாரி கையை நீட்டினார். நீட்டிய கையில் ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை.

"கத்தரிக்கோல்" என்றார் தலைவர் பல்லைக் கடித்தபடி.

தொண்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டு இருந்தது. தட்டில் குங்குமமும் கற்கண்டும் இருந்தன. கத்தரிக்கோல் எப்படி இருக்கும்? அதுதான் அனுமதி இல்லையே.

"அலமாரியத் தெறங்கடா!"

அலமாரிச் சாவி கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. கணக்குப்பிள்ளை, அதிகாரி ஊருக்குக் கொண்டுபோக ராசிபுரம் நெய் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். சலூனுக்கு ஓடச் சொன்னார்கள்; செவ்வாய்க்கிழமை, சலூன் கிடையாது. அதிகாரி, நேரமாகிறது என்று நாடாவைக் கையாலேயே இழுத்தார். பட்டு கம்மென்று நின்றது. ஓங்கி இழுத்தார். ஒரு பக்கத்துக் கம்பம் அசைந்து கொடுத்ததே தவிர நாடா அசையவில்லை.

"நம்மூரு நெசவுங்க, அப்படியெல்லாம் அறுகாது" என்று கூட்டத்தில் ஒரு தறிக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"பல்லால கடிக்கச் சொல்லுங்க. நாங்க அப்படித்தானுங்க செஞ்சோம்" என்றான் நாச்சிமுத்து.

கூட்டம் சிரித்தது. அதிகாரியின் காது சிவந்தது. மருதாசலம் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

சென்னியம்மாள் எழுந்து நின்றாள். அவளுடைய பொம்மை நாடாவிலிருந்து நாலு எட்டில், நெற்றி முடியோடு, பச்சைப் பொன்னாடை போர்த்தி நின்றது. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று இங்கே அவளுக்கு மட்டுந்தான் தெரியும். எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியார் பார்ப்பாள். மாட்டுக் கயிற்றை அறுத்தவள் மறுபடியும் அரிவாளைத் தூக்கினாள் என்று ஆகிவிட்டால், பரணில் கிடப்பது அங்கேயே கிடந்து மட்கிப் போகும். உட்கார்ந்துவிட்டாலும் அது அங்கேதான் கிடக்கும்.

அவள் போனாள். பொன்னாடையை விலக்கினாள், வைக்கோலுக்குள் கையை விட்டாள், கருக்கரிவாளை உருவினாள்.

கூட்டம் ஒரே அடியாகப் பின்வாங்கியது. அதிகாரி தலைவருக்குப் பின்னால் போனார். தலைவர் அதிகாரிக்குப் பின்னால் போனார். இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் கம்பத்தைச் சுற்றி ஒரு பிரதட்சணமே முடித்துவிட்டார்கள். சென்னியம்மாள் அவர்களைக் கவனிக்கவில்லை. இடது கையால் நாடாவைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் அரிவாளைக் கொடுத்து இழுத்தாள். சரிகைக் கரையில் கருக்கு சிக்கிக்கொண்டது. இன்னும் அழுத்தினாள். அரிவாள் வழுக்கி அவள் விரல் பக்கமாக வந்தது.

"கை! கையப் பாத்து அறு, சாமி!"

பூவாத்தாளின் குரல். பாக்கைத் துப்பிவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சாமி என்று அவள் மருமகளைக் கூப்பிட்டு இரண்டு வருடம் இருக்கும்.

சென்னியம்மாள் விரலைத் தள்ளி வைத்துப் பிடித்தாள். சாய்த்து ஒரு இழுப்பு. பட்டு நாடா இரண்டாக விழுந்தது. அரிவாளின் பிடி மற்றவர் பக்கம் இருக்கும்படி திருப்பி அங்கம்மாளிடம் நீட்டினாள். அங்கம்மாள் அதை வாங்கி, தாம்பூலத் தட்டில் கற்கண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாச்சிமுத்து கை தட்ட ஆரம்பித்தான். ரிக் வண்டியில் வேலை செய்த கை. அது தட்டினால் ராசிபுரம் வரை கேட்கும்.

கைதட்டலைக் கேட்டதும் மருதாசலத்துக்கு உயிர் வந்தது. "நோயாளி கையாலேயே திறப்பு விழா நடக்கணும்னு நான்தான் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணியிருந்தேன்!" என்றார் ஒலிபெருக்கியில். மறுநாள் பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. அதிகாரிக்குப் போர்த்தப் பொன்னாடையைத் தேடியபோது, புதிதாக வாங்கி வைத்திருந்ததும் கண்ணாத்தாளின் பெட்டியோடு போய்விட்டது தெரிந்தது. வேறு வழியில்லாமல் பச்சைப் பொன்னாடையையே உருவிப் போர்த்தினார்கள். உள்ளே ஒட்டியிருந்த வைக்கோல் கழுத்தில் குத்த, அதிகாரி சொறிந்துகொண்டே பேசினார். அதனால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. ராசிபுரத்தில் அப்படி ஒரு நல்ல விழா அதற்கு முன் நடந்ததில்லை என்று வந்தவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

நெய்யோடு சாவி வந்து, பாக்குவெட்டி பூவாத்தாள் கைக்குத் திரும்பியது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அதை வெளியே எடுத்தாள். சன்னமாகப் பாக்குச் சீவி மருமகளுக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, "அந்தக் கருக்கருவா எங்க கெடச்சுது?" என்று கேட்டாள்.

"தட்டுக்கட்டுக்குள்ளங்க, அத்தை."

"எப்ப இருந்து?"

"மார்கழி பொறந்ததுல இருந்து."

பூவாத்தாள் மருமகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வைக்கோல் கீறல் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. "ம்" என்றாள்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து தூசி கொட்டிற்று. பூவாத்தாள் கோணிச் சாக்கைப் பிரித்து, துருவேறிக் கிடந்த அரிவாள்மனையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அதைச் சமையல்கட்டில் சென்னியம்மாளின் முன்னால் வைத்துக் கத்தரிக்காய் வைத்த சொளகையும் நகர்த்தினாள்.

"பொம்மைக்கு முடி வெட்டுனியே, அந்த மாதிரி மட்டமா அரி பாக்கலாம். முழுசு முழுசாத் தின்னு எனக்கே சலிச்சுப் போச்சு."

சென்னியம்மாள் காலை மடக்கி உட்கார்ந்தாள். முதல் காய் நாலாக, நாலு எட்டாக விழுந்தது. பூவாத்தாள் நின்று பார்த்தாள். இரண்டாவது காய் பாதியில் இருக்கும்போதே, அடுப்பங்கரையில் மருமகளைத் தனியே விட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டக் கட்டுத்தரைக்குப் போய்விட்டாள். சங்கிலி கிலுங்கும் சத்தம் கேட்டது.

"ஏனுங்கத்தை," என்று உள்ளே இருந்தபடியே சென்னியம்மாள் குரல் கொடுத்தாள், "இன்னமும் மாட்டுக்குச் சங்கிலி எதுக்குங்க?"

"அது கெடக்கட்டும்" என்றாள் பூவாத்தாள். "மாட்ட நம்ப முடியாது."